ஒரு வினைச்சொல்லின் நான்காவது பொருள்

அந்த அக்டோபரில் வக்தியின் மகள் ஹானியாவுக்கு முதல் தடவை வலிப்பு வந்தபோது, அவர் முகத்தில் பாதிச் சோப்பு நுரையோடு குளியலறையில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை. மனைவி நக்லாவின் அலறல் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், எட்டு வயதுக் குழந்தை கட்டிலில் விறைத்துக் கிடந்து கை, கால், தலை எல்லாம் ஒரே நேரத்தில் உதறிக்கொண்டிருந்தாள். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது. அப்புறம் அடங்கி, பெரியவர்களைப் போலக் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டாள். வக்தியின் கன்னத்தில் நுரை அப்படியே காய்ந்து வெடித்திருந்ததை மதியத் தொழுகைக்குப் போகும் வழியில் நான்தான் சொன்னேன்.

நானும் வக்தியும் போர்ட் சயீதில் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்க்கிறோம். நான் வரலாறு, அவர் ஆங்கிலம். வீடும் ஒரே கட்டடம்தான், கப்பல் போகும் கால்வாய்க்கு இந்தப் பக்கம், போர்ட் ஃபுவாதில். காலையில் ஒரே ஃபெர்ரியில் போய், மத்தியானம் ஒரே ஃபெர்ரியில் திரும்புவோம். மாணவிகள் அவரை "மிஸ்டர்" என்று கூப்பிடுவார்கள். இங்கே ஆங்கில வாத்தியார் என்றால் அப்படித்தான். ஆனால் வக்திக்கு அந்தச் சொல் சட்டைக்குப் பொத்தான் மாதிரி பொருந்தியிருந்தது. நக்லாவுக்குக் கோபம் வந்தால் அவளும் அதையே சொல்வாள்: "சரிங்க மிஸ்டர். நீங்க சொன்னா சரிங்க மிஸ்டர்."

மூன்று வாரம் கழித்து இரண்டாவது வலிப்பு வந்தது. பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். நக்லா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வக்தி கூடத்தில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு உள்ளே போனார். இந்தத் தடவையும் அவர் பார்த்தது அதே காட்சி. உடம்பு முழுக்க உதறல்.

மறுநாள் மாலை குழந்தையோடு அக்கரைக்குப் போய் நரம்பு மருத்துவர் சமீஹாவைப் பார்த்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். மருத்துவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் படித்தவர்கள், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள். வக்தி உள்ளே நுழைந்ததும் ஆங்கிலத்திலேயே ஆரம்பித்துவிட்டார். டாக்டரும் பேச்சுவாக்கில் அதற்கே மாறிவிட்டார். நக்லாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு இடத்தில் டாக்டர் அரபிக்குத் திரும்பினார். "ஆரம்பிக்கும்போது எப்படி இருக்கு? ஒரு பக்கமா வருதா, இல்ல எடுத்த எடுப்பிலேயே முழு உடம்புமா?"

"முழு உடம்பும் டாக்டர். ஒரே நேரத்துல," என்றார் வக்தி, ஆங்கிலத்திலேயே.

நக்லா வாயெடுத்தாள். "டாக்டரம்மா, அவ வாய் இருக்கே..."

வக்தி அவள் கைமேல் கை வைத்தார். "நான்தான் சொல்லிட்டிருக்கேன்ல."

டாக்டர் எழுதிக்கொண்டார். தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சோதனைக்கு அனுப்பினார். விழித்துக்கொண்டு இருக்கும்போது எடுத்த அந்தப் பதிவில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. மாத்திரை தொடங்கினார்கள். பள்ளிக்கும் காப்பீட்டுக்கும் கொடுக்க ஒரு கடிதத்தை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த இடைப்பட்ட வாரத்தில்தான் அவர் மேல் வகுப்பில் 'ஜெனரலைஸ்' என்ற வினைச்சொல்லை நடத்தினார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். நடுவில் இருப்பது பலகைத் தடுப்புதான், எல்லாம் கேட்கும்.

"கொஞ்சத்தைப் பார்த்துட்டு மொத்தத்துக்கும் முடிவு கட்டுறது. அதுதான் ஜெனரலைஸ்," என்றார். "இதுக்குப் பின்னால ரெண்டு சின்னச் சொல் வரும். ஒண்ணு, எதிலிருந்து. இன்னொண்ணு, எதைப் பத்தி. நீ பார்த்தது எதுவோ, அதிலிருந்து. நீ பார்க்காதது எதுவோ, அதைப் பத்தி. பரீட்சையில ரெண்டையும் மாத்திப் போட்டீங்கன்னா மார்க் போச்சு. எஸ் போட்டும் எழுதலாம், இசட் போட்டும் எழுதலாம், ஆனா ஒரே விடைத்தாள்ல ரெண்டும் வரக்கூடாது."

ஒரு பெண் எழுந்தாள். "மிஸ்டர், எல்லா ஆம்பளைங்களும் பொய் சொல்லுவாங்கன்னு எங்கம்மா சொல்றாங்க. இது ஜெனரலைஸ் பண்றதா?"

"சந்தேகமே இல்ல."

"ஆனா மிஸ்டர், எங்கம்மா எங்கப்பா ஒருத்தரை மட்டும் பார்த்துத்தான் சொல்றாங்க."

"அதனாலதான்மா அது ஜெனரலைஸ்!"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஹானியாவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் ரொம்ப நாள் கேட்கவில்லை.

இரண்டு நாளில் கடிதம் கைக்கு வந்தது. ஃபெர்ரியின் கம்பியில் சாய்ந்து நின்று உறையைப் பிரித்தார். நான்கே வரி. மூன்றாவது வரியில் அந்தச் சொல் இருந்தது. வலிப்புகள், அதன் பிறகு 'ஜெனரலைஸ்ட்'. அவர் வகுப்பில் நடத்திய அதே வினை, முடிந்த வடிவத்தில்.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "பாரு முராத்," என்று என்னிடம் நீட்டினார். "பொத்தாம்பொதுவா எழுதிக் கொடுத்திருக்காங்க. என் பொண்ணைப் பத்திக் கேட்டா ஊர்ல இருக்கிற எல்லாப் பொண்ணுக்கும் சேர்த்து எழுதுவாங்களா?"

"மருத்துவத்துல அதுக்கு வேற அர்த்தம் இருக்கும்யா," என்றேன்.

"எனக்குத் தெரியாத அர்த்தமா?" என்றார். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல், மன்சூராவில் படித்த காலத்தில் வாங்கிய தடித்த அகராதியை அலமாரியிலிருந்து இறக்கினார். அந்த வினைக்கு நான்கு பொருள் போட்டிருந்தது. ஒன்று, சிலவற்றைக் கொண்டு பொது முடிவுக்கு வருதல். இரண்டு, விவரம் இல்லாமல் மேலெழுந்தவாரியாகப் பேசுதல். மூன்று, ஒரு முறையையோ விதியையோ பரவலாக எல்லாவற்றுக்கும் பொருத்துதல். இதுவரை அவருக்குத் தெரிந்ததுதான். நான்காவது சின்ன எழுத்தில், மருத்துவம் என்ற குறிப்போடு இருந்தது: ஓரிடத்து நோய் உடல் முழுவதும் பரவுதல்.

இருபத்திரண்டு வருஷம் அந்தச் சொல்லை நடத்தியவர். அந்த வரியை அவர் ஒருநாளும் படித்ததில்லை.

நக்லா கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்ல. பொதுவா எழுதியிருக்காங்க."

"பொதுவான்னா?"

"பொதுவான்னா பொதுவாத்தான். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிற பேப்பர் நக்லா, அதுல என்ன இருக்கும்!"

அன்றிலிருந்து அவர் மனிதராக இல்லை. எந்த நோய், எங்கிருந்து கிளம்பி, எதுவரை பரவியிருக்கிறது என்று அந்த நான்கு வரியில் இல்லை. இல்லாததை எல்லாம் அவரே நிரப்பிக்கொண்டார். காலையில் குழந்தை ஷூ மாட்டும்போது விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பார். அவள் பால் தம்ளரைத் தவறவிட்டால் இவர் முகம் வெளுத்துவிடும். படிக்கட்டில் மெதுவாக ஏறினால் காலுக்கும் வந்துவிட்டது என்பார், வேகமாக ஏறினால் அதுவும் நல்லதில்லை என்பார். கடற்கரைக்குப் போகக்கூடாது, சைக்கிள் தொடக்கூடாது. தோழி வீட்டுப் பிறந்தநாளுக்கும் போகக்கூடாது. கைப்பேசியில் என்னென்னவோ படித்துவிட்டு, ஃபெர்ரியில் என் பக்கத்தில் நின்றுகொண்டு தண்ணீரையே பார்ப்பார். நான் ஏதாவது கேட்டால், "ஒண்ணுமில்ல முராத். தூக்கம் இல்ல," என்பார்.

மாத்திரை குழந்தையை மந்தமாக்கியது. வகுப்பில் மேஜைமேல் தலை சாய்த்துவிடுகிறாள் என்று பள்ளியிலிருந்து குறிப்பு வந்தது. வலிப்பு மட்டும் நிற்கவில்லை. நவம்பரில் ஒன்று, டிசம்பர் தொடக்கத்தில் ஒன்று. நான்காவது முறை வந்தபோது வக்தி சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். கொதிக்கிற பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அறைக்குள் நுழையும்போது வழக்கம்போல உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது.

குழந்தை அடங்கித் தூங்கிய பிறகு நக்லா சொன்னாள்: "இது வாயோரத்துல ஆரம்பிக்குதுங்க. வலது பக்கம். உதடு இப்படி இழுத்து இழுத்து விடுது, எச்சில் வழியுது. அதுக்கப்புறம்தான் கைக்கு வருது, அப்புறம்தான் எல்லாம்."

"முழு உடம்பும் ஆடும்போது வாயும்தானே ஆடும்."

"அதுக்கு முன்னாலயே ஆடுது."

"ஒரு தடவை பார்த்ததை வெச்சுக்கிட்டு முடிவு கட்டாதே நக்லா."

நக்லா எழுந்து நின்றாள். அவள் உயரம் கம்மி. கோபம் வந்தால் நுனிக்காலில் நிற்பது போலத் தெரிவாள். "ஒரு தடவையா? நாலு தடவை வந்திருக்கு. நாலு தடவையும் நான்தான் பக்கத்துல இருந்தேன். நீங்க எத்தனை தடவை ஆரம்பத்தைப் பார்த்தீங்க, மிஸ்டர்? சொல்லுங்க. ஒரு தடவை? அரைத் தடவை?"

சமையலறையில் பாத்திரம் காய்ந்து கருகும் வாசனை வந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

"அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு? உண்மையைச் சொல்லுங்க. ஒரு மாசமா நீங்க அவளைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியாதா? பொணத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்குறீங்க!"

"உடம்பு முழுக்கப் பரவிடுச்சுன்னு எழுதியிருக்கு," என்றார் வக்தி.

நக்லா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் குழந்தையின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையைத் தூக்கி, சண்டையே இல்லாத குரலில் கேட்டாள்: "பரவிடுச்சா? எங்கேயிருந்து?"

அந்த ஒரு கேள்வியில்தான் தனக்கு உறைத்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். பரவுவது என்றால் ஓரிடத்தில் தொடங்கியிருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கினால் அதற்குப் பெயர் பரவல் இல்லை. டாக்டர் அந்த இடத்தைத்தான் அவரிடம் கேட்டார். தான் பார்த்தது கடைசி ஒரு நிமிஷத்தை, அதிலிருந்து தான் பார்க்கவே பார்க்காத முதல் நிமிஷத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பார்த்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கையை அழுத்திப் பிடித்துப் பேசவிடாமல் செய்ததும் அவர்தான்.

"டாக்டரைப் பார்க்கணும். நீதான் பேசணும்," என்றார்.

"நானா? எனக்கு அந்த அம்மா பேசுறது புரியுமா?"

"அரபியில பேசச் சொல்லுவோம். அவங்க என்ன லண்டன்லயா பொறந்தாங்க?"

சனிக்கிழமை மாலைக்குத்தான் நேரம் கிடைத்தது. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீயும் வா என்று வக்தி என்னைக் கூப்பிட்டார். நான்கு மணிக்கு நாங்கள் நான்கு பேரும் ஃபெர்ரியில் ஏறினோம். வெயில் இன்னும் இருந்தது. கப்பல் வரிசை ஒன்று தெற்கே போய்க்கொண்டிருந்ததால் எங்களை நிறுத்திவிட்டார்கள். மாடி மாடியாகப் பெட்டிகளை ஏற்றிய கப்பல் ஒன்று மெதுவாக, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஹானியா அம்மாவின் தோளில் சாய்ந்தபடி தூங்கிவிட்டாள். மாத்திரை மயக்கம்.

"முராத் அண்ணே, மணி என்ன?" என்று நக்லா கேட்டாள். நான் பார்ப்பதற்குள் அவள் குரல் மாறிவிட்டது. "வக்தி! இங்க வாங்க. இப்போ பாருங்க. இப்போ!"

வக்தி குனிந்தார். நானும் பார்த்தேன். குழந்தை கண்ணைத் திறந்திருந்தாள். வலது வாயோரம் மட்டும், யாரோ நூல் கட்டி இழுப்பது போல, இழுத்து இழுத்து விட்டது. எச்சில் வழிந்தது. உடம்பில் வேறு எதுவும் அசையவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். நான் சொல்கிறேன், நன்றாகத் தெரிந்துதான் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தொண்டையில் கரகர என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"அவளுக்குத் தெரியுது," என்றார் வக்தி. "நக்லா, அவளுக்கு எல்லாம் தெரியுது."

"தெரியும். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் பார்ப்பா. போனை எடுங்க. டாக்டருக்குக் காட்டணும். எடுங்க!"

அவர் கைப்பேசியை எடுத்துப் பிடித்தார். இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாயோரத்திலிருந்து இழுப்பு கன்னத்துக்குப் போனது. அப்புறம் வலது கை. அப்புறம்தான் கண் மேலே செருகி, எல்லாமும் ஆடத் தொடங்கியது. நக்லா அவளைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தலைக்கடியில் தன் கைப்பையை வைத்தாள்.

சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. "சாவியைக் கையில கொடுங்க!" என்றார் ஒருவர். "வெங்காயம் இருக்கா? வெங்காயத்தை மோந்து பார்க்க வைங்க!" என்றாள் ஒரு பெண். வாய்க்குள் கரண்டியை வைக்க வந்த ஒருவரை நான் தடுத்து நிறுத்தினேன். மீன் கூடையோடு நின்ற ஒரு பெரியவர் வக்தியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பெத்த பொண்ணு துடிக்குது, நீ படம் பிடிக்கிறியா? வெட்கமா இல்ல? இந்தக் காலத்து அப்பன்களே இப்படித்தான். எல்லாத்தையும் போன்ல போட்டு ஊருக்குக் காட்டணும்!"

"த்தூ," என்றது இன்னொரு குரல்.

வக்தி கையைத் தாழ்த்தப் போனார். நக்லா தலையைத் தூக்காமலே கத்தினாள்: "நிறுத்தாதீங்க! அவங்க சொல்றதைக் காதுல வாங்காதீங்க. முழுசா எடுங்க!"

அவர் எடுத்தார். கன்னத்தில் கண்ணீர் ஓட, அந்த மீன்காரர் முதுகுக்குப் பின்னால் திட்டிக்கொண்டே இருக்க, கடைசி வரை எடுத்தார். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. கப்பல் போய் முடிந்து ஃபெர்ரி நகரத் தொடங்கியபோது குழந்தை அடங்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். மீன்காரர் தன் சால்வையை எடுத்து அவள்மேல் போர்த்திவிட்டு, அக்கரை வந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

டாக்டர் சமீஹா அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தார். முதல் பதினைந்து விநாடியை மட்டும் நான்காவது தடவையும் பார்த்தார். வக்தி உதட்டை மடித்துப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நக்லா சொன்னாள்.

டாக்டர் நாற்காலியை நக்லா பக்கம் திருப்பினார். "சொல்லும்மா. எல்லாத் தடவையும் இப்படியா?"

"எல்லாத் தடவையும் டாக்டரம்மா. வலது வாயோரம்."

"தூங்கும்போதா?"

"தூங்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல. இல்லாட்டி விடியக்காலம் முழிக்கிற நேரம். விளையாடும்போது ஒரு தடவைகூட வந்ததில்ல."

"பேச முயற்சி பண்ணுவாளா?"

"பண்ணுவா. முடியாது. என் கையைப் பிடிச்சுக்குவா."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "போன தடவை நான் உங்களைக் கேட்டிருக்கணும். வெளியில கூட்டம், சார் தெளிவா இங்கிலீஷ்ல சொன்னார், நான் அதையே கடிதத்துல எழுதிட்டேன். தப்பு எங்கிட்டயும் இருக்கு."

"தப்பு என்னுது," என்றார் வக்தி. அன்றைக்கு அந்த அறையில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

மூளையின் ஒரு பக்கத்தில், வாயையும் நாக்கையும் ஆட்டுவிக்கிற சின்ன இடத்தில் இது தொடங்குகிறது என்று டாக்டர் விளக்கினார். சில நேரம் அங்கேயே நின்றுவிடும், சில நேரம் உடம்பு முழுக்க ஜெனரலைஸ் ஆகும். அவர் அந்தச் சொல்லைச் சொன்னபோது வக்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பரவுதுன்னா... நோய் பரவுதா டாக்டர்?"

"நோய் இல்ல சார். அந்த ஒரு வலிப்பு, அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள பரவுது. முடிஞ்சதும் திரும்பிப் போயிடுது. நீங்க என்ன நினைச்சுக்கிட்டிருந்தீங்க?"

நக்லாதான் சொன்னாள்: "ஒரு மாசமா அவளுக்குக் கபர் தோண்டிக்கிட்டிருந்தார் டாக்டரம்மா."

தூக்கத்தில் ஒருமுறை அந்தக் கம்பிச் சோதனையை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். ஹானியா தூங்கிய ஐந்தாவது நிமிஷத்தில், வலது பக்க உடம்பை ஆட்டுவிக்கிற, தலையின் இடது பக்கத்துக் கோடுகளில் மட்டும் முள் முள்ளாக எழும்பியது. மாத்திரையை மாற்றினார்கள். இந்த வகை வலிப்பு பெரும்பாலான பிள்ளைகளுக்கு வயதுக்கு வரும் காலத்தில் தானாகவே நின்றுவிடும் என்றும் டாக்டர் சொன்னார்.

"பெரும்பாலானன்னா?" வக்தி விடவில்லை. "எல்லாருக்கும் இல்லையா?"

"பெரும்பாலான சார். எல்லாருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். உங்க பொண்ணுக்குன்னும் இப்போ சொல்ல முடியாது. பார்த்துக்கிட்டே இருப்போம்."

அதனால் பயம் போய்விடவில்லை. உருவம் மாறியது, அவ்வளவுதான். இப்போது அதற்கு ஓர் இடம் இருந்தது, ஒரு நேரம் இருந்தது. வக்தி கூடத்திலிருந்த தன் மேஜையைக் குழந்தையின் அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். அவள் மத்தியானம் தூங்கும்போது அங்கேயே உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை தலையைத் தூக்கி அந்த வாயோரத்தைப் பார்ப்பார்.

ஒருநாள் ஹானியாவிடமே கேட்டார். "கண்ணு, அது வரும்போது உனக்கு எப்படி இருக்கும்?"

"நாக்குல எறும்பு ஊருற மாதிரி இருக்கும்பா. அப்புறம் வாய் என்னோடது இல்லாத மாதிரி ஆயிடும். நான் உங்களைக் கூப்பிடுவேன். சத்தம் வராது."

"என்னையா கூப்பிடுவே?"

"அம்மா பக்கத்துலதானே இருப்பாங்க. அவங்களை ஏன் கூப்பிடணும்? நீங்க வருவீங்கன்னு பார்ப்பேன். நீங்க வரும்போது எனக்கு ஒண்ணும் தெரியாது."

இதை வக்தி ஃபெர்ரியில் வைத்துத்தான் என்னிடம் சொன்னார். நான் அன்றைக்கு அவரோடு அவர் வீட்டு வாசல் வரை போனேன்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு வலிப்பு வந்தது. வாயோரத்தில் தொடங்கி, கன்னத்தோடு நின்றுவிட்டது. வக்தி அருகில் இருந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கோடையில் இன்னொன்று. அப்புறம் ஒரு வருஷம் எதுவும் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. அவளைக் கடலுக்கு விட்டார்கள், முதலில் முழங்கால் தண்ணீர் வரைக்கும். டாக்டரிடம் போகும்போதெல்லாம் நக்லா முன்னால் போய் டாக்டரின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். வக்தி சுவரோரம் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசுவார்.

ஹானியாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். நிறுத்திய முதல் நாள் வியாழக்கிழமை. வக்தி பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டார். நக்லா சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். வளர்ந்த பெண், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்குத் தூங்கப் போனாள். முகம் தெரியாவிட்டால் எப்படி? வக்தி மெதுவாகப் போர்வையைக் கழுத்துவரை இறக்கிவிட்டார். இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றரைக்கு அவள் கண் விழித்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்றாள். "எனக்குப் பசிக்குது. என்ன சமையல்?"

"மீன்சோறு," என்றாள் நக்லா. "இன்னும் அடுப்புல ஏத்தல."

"அப்போ ஏத்துங்கம்மா!"

நக்லா எழுந்து போனாள். வக்தி எழுந்திருக்கவில்லை. அவருக்குக் கால் மரத்துப் போயிருந்தது.